பலகை சொன்ன உயரம்

லே நகரிலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் கர்துங் லா கணவாயில் வண்டியை நிறுத்தியதும் தேடுவது பிராணவாயுவை அல்ல, பெயர்ப்பலகையை. உயரம் 18,380 அடி, உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்று அது பல்லாண்டுகளாகச் சத்தியம் செய்துவந்தது. ஜிபிஎஸ் கருவியோடு போய் அளந்தவர்களுக்கு 17,582 அடிதான் கிடைத்தது. மிச்சம் சுமார் 800 அடியைக் காணோமென்று இமயமலை இன்னும் புகார் கொடுக்கவில்லை.

போதாக்குறைக்கு, எல்லைச் சாலைகள் அமைப்பு 2021இல் உம்லிங் லா கணவாயில் 19,024 அடி உயரத்துக்குத் தார் போட்டுவிட்டது. பட்டம் அப்போது அங்கே போய்விட்டது சரி. கர்துங் லா பெயரில் ஏற்கெனவே அச்சடித்த பனியன்களை என்ன செய்வதாம்?

கர்துங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. 20 நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள் என்று அறிவுரை வேறு. நம் மக்கள் அதில் பெரும்பகுதியைப் பலகையோடு படமெடுக்கும் வரிசையிலேயே கழித்துவிடுகிறார்கள். தலை சுற்றுவது உயரத்தாலா, முன்னால் நிற்கும் குடும்பம் எடுத்துக்கொண்டிருக்கும் முப்பதாவது படத்தாலா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.