பேராண்டிக்கு ஒரு காடி யோசனை

வாடா பேராண்டி, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, காடி மேல கசப்பு தட்டிருச்சு. பேங்க்குல ஒம்பது வருசத் தவணை போட்டு எடுத்த. இந்த ஊர்ல அதுக்கு மேல எவனும் குடுக்க மாட்டான், அதனால உச்சத்தைப் பிடிச்ச பெருமை உனக்கு உண்டு. தவணை தீரலை, ஆசை மட்டும் தீந்து போச்சு. மிதிச்சா சத்தம் வருது, வேகம் வரலைங்கிற. ஓட்டுறப்ப கொட்டாவி வருதுங்கிற. அதுக்காகக் காடியை அலங்காரம் பண்ணப் போறியாம். பின்னாடி இறக்கை, பெரிய வாய் எக்ஸாஸ்ட், பதினேழு இஞ்ச் ரிம், கண்ணாடிக்குக் கறுப்பு டின்டட், ஸ்பிரிங்க வெட்டி இறக்கம். பேஷ். நான் குறுக்க நிக்க மாட்டேன்.

இறக்கையை முதல்ல மாட்டு. சாயங்காலம் வேலை விட்ட நேரத்துல பர்மா ரோட்டுல ஊர்ந்துக்கிட்டே போறப்ப, காடி வானத்துல ஏறிடாம அது அழுத்திப் பிடிச்சுக்கும். எக்ஸாஸ்டும் அவசியம். ராத்திரி நீ வீடு திரும்புறது தெரு பூராவுக்கும் தெரிய வேணாமா? ரோட்டுப் போக்குவரத்தைப் பாக்குற ஜேபிஜேகாரனுக்கும் காது இருக்கு, அது வேற விசயம். டின்டட்டுக்கு 2019-ல விதி வந்திருக்கு. முன் கண்ணாடியில 70 சதவீத வெளிச்சமும், முன்கதவுக் கண்ணாடியில 50 சதவீதமும் உள்ள வரணும். பின்னாடி எவ்வளவு வேணா இருட்டடிச்சுக்கோ, கேள்வி இல்ல. அங்க உக்காரப் போறது உங்க பாட்டி.

ஸ்பிரிங்க வெட்டுறதுலதான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். 2017 நவம்பர்ல பெஞ்ச மழையில பினாங்கு பாதி மிதந்துச்சே, அப்ப உசரமா நின்ன காடியே தத்தளிச்சுச்சு. நீ தரையோட தரையா இறக்கி வச்சேன்னா, அடுத்த மழைக்குக் காடியில நாலு மீன் வளக்கலாம்.

உனக்கு வேணுங்கிறது வேகம் இல்லடா, வேடிக்கை பாக்க ஆளு. அதுக்கு நம்ம தேரைப் பாரு. 1894-ல செட்டியாருங்க தமிழ்நாட்டுல இருந்து கொண்டாந்த வெள்ளித்தேரு இன்னைக்கும் தைப்பூசத்துக்கு லிட்டில் இந்தியாவுல இருந்து தண்ணீர்மலைக்குப் போவுது. இழுக்குறது மாடு. போய்ச் சேர ஒரு பொழுது ஆவுது. எவனாச்சும் ஆர்ன் அடிச்சு ஓவர்டேக் பண்ணுனானா? வழி நெடுக தேங்காதான் உடைக்கிறானுங்க. அந்த மரியாதை உனக்கும் வேணும்னா முருகனை ஏத்திக்கிட்டுப் போ, எக்ஸாஸ்ட் எதுக்கு?

சரி, நெசமாவே ஓட்டி ரசிக்கணும்னு இருந்தா ஒரு கதை கேளு. 1994-ல கன்சில்னு ஒரு காடி வந்துச்சு. 660 சிசி, மூணு சிலிண்டர். நாலு பேரு ஏறி மேட்டுல போனா, இறங்கித் தள்ளலாமான்னு தோணும். நம்ம பயலுக விட்டானுங்களா? ஜப்பான்ல பாதியா அறுத்து அனுப்புற மீரா காடியை ஹாஃப் கட் கடையில பிடிச்சு, அதோட டர்போ இஞ்சினைத் தூக்கி இதுக்குள்ள வச்சானுங்க. சின்னஞ்சிறு காடி, பெரிய காடிக்காரனை வாயடைக்க வச்சுச்சு. ஆனா புத்தியுள்ளவன் இஞ்சினோட நிக்கலை. பிரேக்கை மாத்துனான், புது இஞ்சின் நம்பரைக் காடிப் பத்திரமான கெரான்ல ஏத்த ஜேபிஜேக்கும், காடியைச் சோதிக்கிற புஸ்பாகோமுக்கும் நடையா நடந்தான். அங்க நடக்காதவன் அப்புறம் இன்சூரன்ஸ்காரன் வாசல்ல நடந்தான்.

உன்கிட்ட அவ்வளவு துட்டு இல்லைன்னு தெரியும். அதனால இஞ்சினைத் தொடாத. முன்னாடி மட்கார்டு மேல ரெண்டு கையையும் வச்சு ஒரு அழுத்து அழுத்தி விடு பாப்போம். அழுத்துடா, பரோட்டாவா பிசையுற? பாத்தியா, ஏறி இறங்கி மறுபடியும் ஏறி இறங்குது. நல்ல அப்சோர்பருன்னா ஒரு தடவை எழும்பி நின்னுடும். அது செத்து நாளாச்சு, நீ இஞ்சினைத் திட்டிக்கிட்டு இருக்க. இப்ப குனிஞ்சு டயர் பக்கவாட்டுல பாரு, நீளவட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். 2316-ன்னா 2016-ஆம் வருசம் இருபத்து மூணாவது வாரம் பொறந்த டயருன்னு அர்த்தம். உன்னோடது என்ன போட்டிருக்கு? வாயால சொல்லாத, வெக்கக்கேடு. கல்லா இறுகிப் போன ரப்பரு ரோட்டை எப்படிடா பிடிக்கும்?

இறக்கைக்கு வச்சிருக்கிற வெள்ளியில நாலு நல்ல டயரு வாங்கு. ரிம்மு இருக்கிற அளவே போதும். பதினேழு போட்டா டயரு ஓரம் மெலிஞ்சு, குழியெல்லாம் நேரா உன் முதுகெலும்புக்கு வந்து சேரும். அப்சோர்பரை ஜோடியா மாத்து, தேஞ்ச புஷ்ஷை மாத்து, பட்டறை போமேன்கிட்ட அலைன்மென்ட் பாக்கச் சொல்லு. பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அதையும் மாத்து. காத்து எவ்வளவு அடிக்கணும்னு ஓட்டுறவன் கதவுத் தூண்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். நீ அதைப் படிச்சதே இல்ல, படிச்சவன்னு மட்டும் ஊர்ல பேரு. சீட்டுல இடுப்பு வலிச்சா அதையும் சரி பண்ணு. உக்காந்திருக்கப் போறது நீ, அந்தச் செலவுல ஒரு நியாயம் இருக்கு.

இதுல ஒண்ணையும் ரோட்டுல போற பொண்ணுங்க பாக்க மாட்டாங்கங்கிறியா? ஆமா, பாக்க மாட்டாங்க. இப்ப மட்டும் பாத்துக்கிட்டா இருக்காங்க?

எல்லாம் முடிச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வா. பத்து பெரிங்கி தாண்டி தெலுக் பஹாங் வழியா மலை வளைவுல ஏறி பாலிக் புலாவ் போவோம். அந்த வளைவுல ஸ்டீரிங் உன் கையோட பேசலைன்னா, இறக்கையை நானே பிடிச்சு மாட்டி விடுறேன். முன்சீட்டு எனக்கு. பெட்ரோல் உன்னோடது, அங்க போய்ச் சாப்பிடுற லக்ஸா என்னோடது. அதாவது சாப்பிடுறது நான், காசு நீ.