மடக்குக் கத்தியில் இடைச்செருகல்: ஓர் ஆய்வு

மடக்குக் கத்தியாவது, அலகு பிடிக்குள் மடங்கிச் சட்டைப்பையில் தங்கத்தக்க கத்தி. இவ்விலக்கணத்தைத் தொல்காப்பியர் வகுக்கவில்லை. அவர் காலத்தில் சட்டைப்பை இல்லை. ஆகவே அப்பொறுப்பு பிற்காலத்தார் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் சனி ஞாயிறுகளில் கூடும் கத்திச் சந்தைகளில், கண்ணில் பூதக்கண்ணாடியும் மடியில் விலைக் கையேடுமாக அமர்ந்திருக்கும் பெரியவர்கள் அதைச் சிரத்தையோடு செய்து வருகிறார்கள். தமிழ் ஆய்வுலகம் அவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்ட குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

ஆய்வெல்லை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்கி, ஜெர்மனியின் சோலிங்கனைத் தொட்டுக்கொண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து பிராட்ஃபோர்டில் முடிகிறது. அரிவாள்மனை, வெட்டரிவாள், பாக்குவெட்டி ஆகியவை எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. பாக்குவெட்டியும் மடங்கத்தானே செய்கிறது என்று வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்கக்கூடும். கேட்பவர் வெற்றிலை போடுபவராகத்தான் இருப்பார், அவரை விட்டுவிடலாம்.

கருதுகோள் வருமாறு: ஒரு பழங்கத்தியின் மதிப்பு, அது தன் வாழ்நாளில் வெட்டிய பொருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். எதையுமே வெட்டாத கத்தி தலையாயது.

அடக்கம் கருதிக் கருதுகோள் என்றோமே தவிர, சான்று ஏராளம். அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் புழங்கும் தரவரிசையைப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்தபடியே, சாணை காணாமல், எதையும் அறுக்காமல், எவர் பைக்குள்ளும் போகாமல் இருந்தது ‘மின்ட்’. அலகில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் ‘எக்ஸலண்ட்’. கால் பங்கு போயிருந்தால் ‘வெரி குட்’, பாதி போயிருந்தால் ‘ஃபேர்’, அதற்கும் கீழே போனது ‘புவர்’. ஒரு விவசாயியின் இடுப்பிலேயே கிடந்து, வைக்கோல் கட்டின் கயிறு அறுத்து, ஆப்பிள் சீவி, முள் எடுத்து, வாரா வாரம் சாணை பிடித்துப் பென்சில் கனத்துக்கு வந்துவிட்ட கத்திக்குக் கடைசி வரிசை. ஹார்டுவேர் கடை இழுப்பறையின் மூலையில் விழுந்து, கடைக்காரரும் மறந்துபோனதற்கு முதல் வரிசை. உழைத்துத் தேய்ந்தவரைப் பின்னே தள்ளி, அசையாமல் இருந்தவரை மேலே உட்காரவைக்கும் இந்த நிர்வாக முறை கத்தி உலகத்துக்கு மட்டும் உரியதா என்பது நம் ஆய்வெல்லைக்குள் வராது.

கத்தி வந்த காலி அட்டைப் பெட்டிக்கும் தனி விலை உண்டு. எதையும் வெட்டாததில் பெட்டியை மிஞ்ச ஆளில்லை. கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கள ஆய்வு

பிராட்ஃபோர்டின் கேஸ் நிறுவனம் செய்த 6254 எண் கொண்ட ‘டிராப்பர்’ ஒன்றைக் கையில் எடுப்போம். எண்ணே ஒரு சூத்திரம். முதலில் நிற்கும் 6, பிடி எலும்பு என்கிறது. அங்கே 5 இருந்தால் மான்கொம்பு, 3 இருந்தால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருள். அடுத்த 2, அலகுகளின் தொகை. 54 வடிவத்தின் எண். சுருங்கச் சொல்லல் என்ற அழகை நன்னூலார் இங்கே கண்டு மகிழ்ந்திருப்பார்.

பிடி எலும்பு வழவழப்பாக இருக்காது. வரிவரியாகக் கொத்தியிருப்பார்கள். மான்கொம்பின் சொரசொரப்பு வரவேண்டும் என்பதற்காக மாட்டெலும்பில் செய்த வேலை இது. பிற்காலத்தில் எலும்புக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தபோது, எலும்பு மாதிரித் தெரியவேண்டும் என்று அதிலும் அதே வரிகளைப் போட்டார்கள். ஆக, சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் கத்தியின் பிடியே ஒரு போலி. சில சமயம் போலிக்குப் போலி. இந்தப் பரம்பரையின் மூதாதை நம் காடுகளில் இருக்கிறது. ஷெஃபீல்டிலும் அமெரிக்காவிலும் உயர்ந்த பிடிக்கு அவர்கள் தேடிய மான்கொம்பு, மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா என்றும் கடமான் என்றும் நாம் சொல்லும் விலங்கினுடையது. ஆண்டுதோறும் அது உதிர்த்த கொம்பு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. பின்னர் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கொம்புப் பிடியின் விலை ஏறிவிட்டது. மிளாவுக்கு இதில் எந்த நட்டமும் இல்லை.

இனி அலகு. அதன் முதுகோரமாக ஒரு நகக்குழி இருக்கும். கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து மெல்ல இழுக்கவேண்டும். ஸ்பிரிங் முதலில் முரண்டு பிடிக்கும். பாதி வழியில் சில கத்திகள் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கும். பிறகு ‘டக்’கென்று நிமிர்ந்து நிற்கும். இந்த நடையையும் பேச்சையும் சேர்த்து ‘வாக் அண்ட் டாக்’ என்பது அவர்கள் வழக்கு. தேர்ந்த ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்துத் திறந்து மூடுவார். சத்தம் சோம்பலாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ ரிவெட்டைத் தட்டிக் கழற்றி மறுபடி பூட்டியிருக்கிறார்கள். உடனே அவர் முகம் மாறும். விற்பவர் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

அடுத்து, அலகுகளுக்கு இடையே டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது. அழுக்கு, இறுகிப்போன எண்ணெய், பைத்துணியின் நூல் பிசிறு ஆகியவை உள்ளே இருந்தால் நிம்மதி. வெளியே நூறு வயதும் உள்ளே ஒரு வாரமும் தெரிந்தால் ஆபத்து. ரிவெட்டின் தலையில் புதுச் சுத்தியல் தழும்பு இருக்கிறதா, புற ஊதா விளக்கடியில் புதுப் பிசின் எங்காவது ஒளிர்கிறதா என்றும் பார்ப்பார்கள். இவ்வளவு நடக்கும்வரை கத்தியால் ஒரு காகிதத்தைக்கூட வெட்டிப் பார்ப்பதில்லை. வெட்டினால் தரம் போய்விடும்.

முத்திரையியல்

அலகு பிடியோடு சேரும் மழுங்கிய அடிப்பகுதியில்தான் முத்திரை இருக்கும். அரிசி நீளத்துக்குள் அடங்கும் அந்த எழுத்துகளைப் படிப்பதற்கே பாதி ஆயுள் செலவாகிறது. ஷெஃபீல்டில் இந்த விவகாரம் வெகு பழையது. கத்திக் கொல்லர்களின் சங்கம் 1624இல் சட்டப்படி அமைந்து, யார் எந்த முத்திரை குத்தலாம் என்று பதிவேடு வைத்துக்கொண்டது. ஜோசப் ரோஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் மால்டாச் சிலுவையும் 1682ஆம் ஆண்டுப் பதிவு. அதே நிறுவனத்துக் கத்தியில் கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் என்று இருந்தால் விக்டோரியா காலம். மன்னர் பெயரை வைத்துக் காலம் கணிப்பதில் பழக்கப்பட்ட நமக்கு இது எளிது. மெய்க்கீர்த்தி இரண்டெழுத்தில் முடிந்துவிடுவது ஒன்றுதான் வியப்பு.

இங்கே சோலிங்கன் நுழைகிறது. ஷெஃபீல்டு பெயரைக் குத்திய ஜெர்மன் கத்திகள் பெருகிவிட்டன என்று கொல்லர்கள் கொதித்தெழ, 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது; அயல்நாட்டுச் சரக்கு தான் பிறந்த நாட்டைச் சொல்லவேண்டியதாயிற்று. 1890இல் மெக்கின்லி சட்டத்தின் மூலம் அமெரிக்காவும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. காலப்போக்கில் ஜெர்மன் கத்திக்கே மதிப்பு ஏறி, சோலிங்கன் பெயரை மற்றவர்கள் திருடாமலிருக்க 1938இல் ஜெர்மனி தனிச் சட்டம் போட்டது. திருடியவர் வீட்டுக்குப் பூட்டு வந்த வரலாறு இது. சேகரிப்பாளருக்கு இதில் கிடைக்கும் விதி: அமெரிக்காவுக்கு வந்த கத்தியில் நாட்டின் பெயர் இல்லையென்றால் அது 1891க்கு முந்தியதாகலாம். விதி வெளிவந்ததும் போலி செய்வோர் நாட்டின் பெயரை அரத்தால் ராவி எடுக்கத் தொடங்கினார்கள். பிறந்த ஊரை மறந்தால் வயது கூடுகிறது.

ஆனால் ஆய்வாளனின் நெஞ்சை அள்ளுவது கேஸ் நிறுவனத்தின் புள்ளி முறைதான். 1920 முதல் 1940 வரை அதன் முத்திரையில் ‘டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்’ என்றிருக்கும். 1940 முதல் 1964 வரை ‘எக்ஸ்எக்ஸ்’. 1965 முதல் 1969 வரை அதோடு ‘யு.எஸ்.ஏ.’ சேரும். 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஒன்பது. அதற்கடுத்த ஆண்டு எட்டு. இப்படி ஆண்டுக்கு ஒன்றாக உதிர்ந்து 1979இல் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது. புள்ளியியல் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு துறை இயங்குவதால், இதைப் புள்ளித் தேய்வியல் என்று அழைக்கலாம்.

நம் ஏடெழுதிய முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமலே விட்டார்கள், உ.வே.சா. போன்றோர் பட்ட பாடு நாடறியும். எஃகு கிழியாது. அங்கே சிக்கல் வேறு. ஐந்து புள்ளிக் கத்தியில் திருட்டுத்தனமாக இன்னொரு புள்ளி குத்தினால் 1975, 1974 ஆகிறது. ஐந்தையும் ராவி எடுத்துவிட்டால் அது 1960களுக்கே போய்விடுகிறது. புள்ளி வைத்தாலும் வயது கூடும், அழித்தாலும் கூடும் என்ற இந்த விசித்திரம் உலகின் வேறெந்த எழுத்து முறையிலும் இருப்பதாக இக்கட்டுரையாளன் நம்பவில்லை. ஆகவே ஆய்வாளர் முத்திரையை மட்டும் பார்ப்பதில்லை. முத்திரையைச் சுற்றியுள்ள எஃகு பக்கத்துப் பரப்பைவிட ஒரு முடி அளவு மெலிந்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறார்.

கொண்டுகூட்டு

செய்யுளின் பல அடிகளிலும் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்பப் பிய்த்தெடுத்துச் சேர்ப்பது கொண்டுகூட்டுப் பொருள்கோள். கத்தி உலகில் இதற்கு நிகரான கலை செழித்திருக்கிறது. ஒரு கத்தியில் நல்ல அலகு, உடைந்த பிடி. இன்னொன்றில் நல்ல பிடி, தேய்ந்த அலகு. மூன்றாவதில் நல்ல பதக்கம். மூன்றையும் பிரித்து ஒன்றாக்கினால் கிடைப்பது ஒரு முழுக் கத்தி. அதன் ஒவ்வொரு உறுப்பும் அசல், மொத்தம் மட்டும் போலி. வசையாக அதை ‘ஃபிராங்கன் கத்தி’ என்கிறார்கள். உரையாசிரியர்கள் இதே வேலையைச் செய்தபோது நாம் வசை சொல்லவில்லை, பாடத்திட்டத்தில் வைத்தோம்.

இதில் நேர்மையான ஆலையே ஆய்வாளனைக் குழப்புவதும் உண்டு. முத்திரை மாறும் ஆண்டில் மிச்சமிருந்த பழைய அலகுகளைத் தொழிலாளர் வீணாக்கவில்லை; ஒரே கத்தியில் ஓர் அலகுக்குப் பழைய முத்திரை, மற்றொன்றுக்குப் புதியது என்று மாட்டி அனுப்பினார்கள். இவை ‘இடைமாற்றக் கத்திகள்’. ஆலையில் நேர்ந்தால் அரிய பாடபேதம், அதற்கு விலை அதிகம். கொட்டகையில் நேர்ந்தால் இடைச்செருகல், அதற்கு ஏச்சு. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி.

ரெமிங்டன் நிறுவனத்தின் தோட்டாக் கத்திகளுக்கு வந்த கதி தனி. முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கி ஆலை சும்மா கிடக்க, 1920இல் மடக்குக் கத்தியில் இறங்கியது அந்நிறுவனம். பிடியில் தோட்டா வடிவப் பதக்கம் பதித்த கத்திகள் வேட்டைக்காரர்களிடம் புகழ்பெற்றன. 1940இல் தொழிலை விற்றுவிட்டது. சேகரிப்பாளர்கள் அவற்றுக்காக அடித்துக்கொள்ளவே, 1982 முதல் அதே பெயரில் மறுபதிப்புகள் வந்தன. மறுபதிப்பை வாங்கி, எலும்பைத் தேநீரில் ஊறவைத்து, அலகுக்கு வினிகரும் கடுகுச் சாந்தும் பூசி, முதற்பதிப்பு என்று விற்கும் தொழிலும் கூடவே வந்தது. இந்த இடத்தில் போலி செய்பவருக்காகக் கொஞ்சம் இரங்கவேண்டும். கத்தி வயதானதாகத் தெரியவேண்டும், உழைத்ததாகத் தெரியக்கூடாது. அறுபது வருஷம் எதுவும் செய்யாமலிருந்த தோற்றத்தை ஒரே வாரத்தில் கொண்டுவர அவர் படும் பாடு கொஞ்சமில்லை.

அவரை மாட்டிவிடுவது பெரும்பாலும் உலோகவியல். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913இல். பாட்டனார் 1890இல் வாங்கியது என்று காட்டப்படும் கத்தி ஒரு துளி துருவில்லாமல் மினுக்கினால், பாட்டனாரையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

மூக்குக்கும் வேலை உண்டு. பழைய கத்திகள் பலவற்றின் வண்ணப் பிடி செல்லுலாய்டு. அதில் சேர்வது கற்பூரம். பிடியைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் சன்னதி வாசனை வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். சோதனை வெற்றி பெறும், கத்தி ஆரத்தியாகிவிடும். வயதானால் செல்லுலாய்டு தானாகவே சிதைந்து அமில ஆவியை விடத் தொடங்குகிறது. தன் அலகை முதலில் அரிக்கிறது, பிறகு அதே பெட்டியில் இருக்கும் அண்டை வீட்டாரையும். அப்படிப்பட்ட கத்தியைத் தனியே, காற்றோட்டமாக வைக்கவேண்டும். எதையும் வெட்டாமல் பத்திரமாக மூடிய பெட்டியில் வைத்த ‘மின்ட்’ கத்தி, அந்தப் பெட்டியிலேயே செத்துப்போவது இப்படித்தான். கருதுகோளுக்கு இது சற்றே இடையூறு என்பதால் விரிக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ழானோவின் கத்தி என்று ஒன்றைச் சொல்வார்கள். அலகை மாற்றினார், பிறகு பிடியை மாற்றினார், அதே கத்திதான் என்றார். ஹங்கேரியர் இதையே தங்கள் விடுதலைத் தலைவர் கோஷூத்தின் கத்தி என்று சொல்கிறார்கள். தத்துவ மாணவர்கள் இதை நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். கத்திச் சந்தையில் விவாதமே இல்லை: பாகங்களுக்கு உண்டான விலை கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒரு டாலர் தரமாட்டார்கள்.

மேலாய்வுக்கு

ரோஜர்ஸ் நிறுவனம் 1822இல் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, ஆண்டுக்கு ஓர் அலகு வீதம் சேர்க்கத் தொடங்கியது. பிராட்ஃபோர்டில் நடந்தது கழித்தல், இங்கே கூட்டல். இரண்டையும் ஒப்பிட்டு எவரும் ஆய்வேடு எழுதலாம். ரோஜர்ஸ் கத்தியின் தரத்தைக் குறிக்க ஒவ்வோர் அலகாகத் தேய்மானம் அளக்கவேண்டும். அலகுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் முதல் 1822க்கே 150 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெறியாளர் கிடைப்பது எளிது. நகம் வலுவான மாணவர்தான் வேண்டும். உதவித்தொகையில் பாண்டேஜ் செலவு அடங்காது.