வானவில் நிறத்தில் ஒரு வௌவால்
அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் செனட் விசாரணையின் சூட்டுக்கு அஞ்சி 1954இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' என்னும் ஒழுக்கவிதித் தொகுப்பு, ரத்தத்தையும் பேய்களையும் பக்கங்களிலிருந்து விரட்டியபோது, காலியான இடத்தில் அசட்டுத்தனம் குடியேறியது எனலாம். 1957 மார்ச் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' இதழில், இருளோடு இருளாகக் கலந்து குற்றவாளிகளை நடுங்கவைக்க வேண்டிய பேட்மேன், இளஞ்சிவப்பு உட்பட நாளுக்கொரு நிற உடையில் பவனி வருகிறார். உதவியாளன் ராபினின் காயம்பட்ட கையை ஊரார் கவனித்தால் அவன் யாரென்ற குட்டு உடைந்துவிடும் என்பதால், அவர்கள் பார்வையைத் தம்மீது திருப்பவே இந்த ஏற்பாடாம். பையனை நாலு நாள் வீட்டில் படுக்கவைக்கலாமே என்ற யோசனை அந்த மாபெரும் துப்பறிவாளருக்கு ஏனோ உதிக்கவில்லை.

அடுத்த ஆண்டு சூப்பர்மேன் பட்ட பாடு இன்னும் பரிதாபம்: தம் ஆற்றல்களை இழந்து, உள்ளங்கையிலிருந்து குட்டிச் சூப்பர்மேன் ஒருவனை ஏவும் வரத்தை மட்டும் பெற்ற அவர், ஊர்ப் புகழெல்லாம் அந்தப் பொடியனுக்கே போவது கண்டு பொறாமையில் வெந்து போகிறார். கடைசியில், அவர் பிறந்த கோளின் சிதறலும் அவருக்கே நஞ்சுமான கிரிப்டோனைட் கல்லிலிருந்து அவரைக் காக்க, பொடியன்தான் குறுக்கே பாய்ந்து மடிகிறான்.