இந்த வாரம் சோலாரிஸ்

"இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். "சோலாரிஸ் போடப்போகிறேன்" என்பார். போட்ட பிறகு? "நெட்பிஎஸ்டி."

பழைய வொர்க்ஸ்டேஷன் பித்தர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என்றாலும் கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் விளைச்சல் சற்று அதிகம். அந்தப் பெட்டிகள் பிறந்த மண் அது. எடைக்குப் போடப்பட்ட மண்ணும் அதுவே. நம்மவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காரேஜில் கார் தவிர எல்லாம் இருக்கும். நடுநாயகமாக ஒரு ஸ்பார்க்ஸ்டேஷன் 20 வீற்றிருக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1994-ல் வெளியிட்ட தட்டைப் பெட்டி. 'டாய் ஸ்டோரி' படத்தின் காட்சிகளைத் தீட்ட பிக்ஸார் இதே ரகத்தில் 117 பெட்டிகளை ஓட்டியது என்ற செய்தி, நீங்கள் உட்காரும் முன்பே உங்களை எட்டிவிடும். "அதில் ஒன்று இதுவாகக்கூட இருக்கலாம்" என்பார். இல்லை என்று நிரூபிக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

பெட்டி வந்தவுடன் பட்டனைத் தட்டுகிற அவசரக்காரர் அல்ல அவர். முதலில் எந்த இயங்குதளம் என்ற சித்தாந்தம் தீர வேண்டும். பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்த சன்ஓஎஸ் 4.1.4-ஆ, சிஸ்டம் ஃபைவ் வழிவந்த சோலாரிஸா? கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று மல்லுக்கு நின்றவர்களுக்கே இந்தச் சண்டையின் வீரியம் விளங்கும். சன்ஓஎஸ் வேகமானது, பெட்டியின் வயதுக்கும் பொருத்தம். சோலாரிஸ் என்றால் 9 வரைதான். 2005-ல் வந்த 10, 32 பிட் ஸ்பார்க்குகளைக் கைகழுவிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரல் நேற்று நடந்த துக்கத்தைச் சொல்வதுபோல் தழுதழுக்கும். நெட்பிஎஸ்டி இன்றைக்கும் இந்தப் பெட்டியைக் கைவிடவில்லை, ஆனால் முதல் தடவை எழும்போது எஸ்எஸ்எச் சாவியை உருவாக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் காபி போட்டுக் குடித்துத் தம்ளரையும் கழுவிவிடலாம். அழகுக்கு நெக்ஸ்ட்ஸ்டெப் 3.3 இருக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே இருந்தபோது வளர்த்த பிள்ளை. சன் பெட்டியிலும் ஓடும்.

ஒருவழியாக சோலாரிஸ் என்று முடிவாகும். குறுந்தகடு வரும். டிரைவ் அதைப் படிக்காது. சன்னுக்கு 512 பைட் துண்டுகளாகப் பரிமாற வேண்டும், சாதாரண டிரைவோ 2048 பைட்டாக அள்ளிப் போடும். சரியான டிரைவ் தேடி ஒரு மாதம். மானிட்டர் கேபிளின் முனையில் மூன்று தடித்த ஊசிகளோடு 13டபிள்யூ3 என்றொரு விநோதம். அதற்கு அடாப்டர் தேடி இன்னொரு மாதம். சன் கீபோர்டு செருகாவிட்டால் பெட்டி திரையில் ஒரு வார்த்தை பேசாது, பின்பக்கத்து சீரியல் போர்ட்டில்தான் முணுமுணுக்கும். இவை ஒவ்வொன்றையும் அவர் முகத்தில் பரவசம் பொங்க விவரிப்பார்.

உச்சம், என்.வி.ராம் சில்லு. நேரம், ஈதர்நெட் முகவரி, எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்ற தகவல் எல்லாம் இதன் பொறுப்பு. பேட்டரியைச் சில்லுக்குள்ளேயே வைத்து மூடியிருப்பார்கள். அது எப்போதோ செத்திருக்கும். கரண்ட் போனால் பெட்டிக்குத் தான் யார் என்றே தெரியாது. 'ஓகே' என்று கேட்டு நிற்கும். அவர் ஈதர்நெட் முகவரியை மறுபடி ஊட்டுவார். அதன் கடைசி மூன்று பைட்டுகளைச் சேர்த்துப் படித்தால் 'காஃபி' என்று வரும். இந்தக் கூட்டத்தாரின் பழைய ஜோக் அது. ஒவ்வொரு முறையும் முதல் தடவைபோலச் சிரிப்பார்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ப்ளூஸ்கஸி என்ற சின்னப் பலகை வாங்கியிருக்கிறார். ஒரே மெமரி கார்டில் சன்ஓஎஸ், சோலாரிஸ், நெட்பிஎஸ்டி, நெக்ஸ்ட்ஸ்டெப் நான்கும் நான்கு டிஸ்க்குகளாக அடக்கம். விரும்பியதை எழுப்பலாம். சண்டை தீர்ந்ததா என்று கேட்டேன்.

"எங்கே தீரும்? எது தானாக எழ வேண்டும் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்து சோலாரிஸ் என்று பதிந்தேன். காலையில் பார்த்தால் மறந்துவிட்டது. இன்றைக்கு மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்."

புதுச் சில்லு போட்டால் மறக்காதே என்றேன்.

"அது வாங்கி ஆறு மாதமாகிறது" என்று மேசை இழுப்பறையை இடுப்பால் தள்ளிச் சாத்தினார்.