அங்கை ஆர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?

மார்கழியில் விடியப்புறம் நாலு மணிக்கு எங்கள் ஒழுங்கையால் பொடியள் சங்கூதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு போவார்கள். திருவெம்பாவைக் காலம். மேலே தூறல், கீழே கணுக்காலுக்கு மேல் வெள்ளம், வேலியோரம் மாரித் தவளைகளின் கச்சேரி. இவ்வளவுக்குள்ளும் நாள் தவறாமல் எங்கள் ஊர் அளவெட்டியை எழுப்பிவிடுகிற பிள்ளைகள். போன மார்கழியில் ஒருநாள் அவர்கள் போகும்போது ஒரு படலை திறந்தது. தேத்தண்ணி கொடுக்கத்தான் திறக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

"எடேய், விடிஞ்சா எனக்குப் பயணம். மனிசரைக் கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கோவன்ரா!"

எங்கே பயணம்? சிதம்பரத்துக்கு. எதற்கு? மார்கழித் திருவாதிரைக்கு.

அவரைப் பென்சனியர் என்றே சொல்லிக்கொள்வோம். பெயர் தேவையில்லை. ஊருக்கு நாலு பேர் இப்படி இருப்பதால் படிக்கிறவர்கள் அவரவர் ஊர் ஆளின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

சிதம்பரத்துக்குப் போவது யாழ்ப்பாணத்தானுக்குப் புதிதில்லை. பறங்கிக்கு முறைவைத்துப் பசு அனுப்ப மறுத்து, இரவோடிரவாகக் கடல் கடந்தவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்பது நம் பரம்பரைக் கதை. சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த குளம் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1864-இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். தோணியில் போன காலம் அது. போனவர்கள் குளம் வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், மடம் கட்டினார்கள். எங்கள் பென்சனியரும் வெட்டத்தான் செய்கிறார். வீடியோவை வெட்டி ஒட்டிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறார்.

காகம் பறந்தால் அளவெட்டியிலிருந்து சிதம்பரம் இருநூறு கிலோமீட்டருக்குள். ஆனால் திருவாதிரை வருவது மாரியில். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபர் 14-இல் மாலை மரியாதையோடு கப்பல் விட்டார்கள். ஒரு கிழமைக்குள் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். எனவே பலாலியிலிருந்து விமானம், சென்னையிலிருந்து வான். பலாலி இருக்கும் வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் கலைக்கப்பட்ட சனத்தின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவ வேலிக்குள்ளேதான் கிடக்கிறது. விமானம் எழும்பும்போது யன்னலால் பார்த்தால் தெரிந்திருக்கும். பென்சனியர் பார்க்கவில்லை. திருவாசகம் படித்துக்கொண்டிருந்தாராம்.

பயணத்தன்று வான் ஒழுங்கைக்குள் வரவில்லை, வெள்ளம். இரண்டு பெட்டிகள், ஒன்றுக்குள் முறுக்கும் பனங்கட்டியும். தூக்க ஆள் வேண்டும். ஆள் வந்தார். அறுபது வயது தாண்டியவர், தேரடிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் இருப்பவர். முதல்நாள்தான் கோயில் வீதி மதகில் அடைத்துக் கிடந்த குப்பையை இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று இழுத்துப் போட்டவரும் அவரே. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பென்சனியரின் பேரன், கம்பஸ் போகிற பொடியன், குடையைத் தன் தலைக்குப் பிடித்தபடி, "நீ பாத்துப் போ, பெட்டி நனையப்போகுது" என்றான்.

அந்த மனிதர் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் தேர்வடத்தைத் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. இந்த நாட்டில் 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இருக்கிறது, எழுதினால் வழக்கு வரும். அதனால் எங்கள் பெரியவர்கள் நாகரிகமாக எழுதினார்கள்: "நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு வடம் பிடித்தல் உபயகாரருக்கு மட்டும்." உபயம் யாருக்கு? பரம்பரைக்கு. பரம்பரை எங்கே? பாதி ஸ்காபரோவில், மீதி லண்டனில். போன தேருக்கு நெரிசல் எவ்வளவு என்றால், வடத்தில் நின்றவர்களை நான் இரண்டு தரம் எண்ணினேன், முப்பத்தொரு பேர். அதில் ஐந்து பேருக்கு முழங்கால் வருத்தம். தேர் தெற்கு வீதியில் முக்கால் மணி நேரம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், திரண்ட தோளுள்ள நாற்பது இளைஞர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவாமி வெயிலில் காய்ந்தார்.

வரணியில் 2018-இல் ஒரு கோயில் தேரை ஜேசிபியால் இழுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சனம் வடத்தில் கைவைப்பதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று குற்றச்சாட்டு எழுந்து, அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. பொறியியலில் நாம் முன்னேறிய இனம் என்பதில் சந்தேகமில்லை. கிடங்கு கிண்டவும் வீடு இடிக்கவும் பிறந்த அந்த யந்திரத்துக்குச் சைவ தீட்சை கொடுத்துத் தேரடியில் நிறுத்தலாம் என்று வெள்ளைக்காரன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான்.

திரும்பி வந்ததும் பென்சனியர் என்னைக் கூப்பிட்டு வீடியோ காட்டினார். சிதம்பரத்துக்கு ஒரு பெருமை உண்டு. மற்றக் கோயில்களில் உற்சவமூர்த்திதான் வீதிக்கு வரும். அங்கே ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராசரே சபையைவிட்டு இறங்கித் தேரேறி வருகிறார். உள்ளே வரமுடியாதவனைத் தேடி மூலவரே வெளியே வருவது என்று நான் எனக்குள் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்வதுண்டு. வீடியோவில் மழை தூறுகிறது. ஈரவடம். அதில் கைகள். ஒன்றில் பென்சனியரின் மோதிரம், அதை ஒட்டியபடி வெடிப்பு விழுந்த ஒரு கருங்கை, நகத்துக்குள் சேறு. அடுத்தது வளையல் போட்ட ஒரு கை. அதற்கடுத்தது யாரோ ஒரு பொடியனின் கை, மணிக்கட்டில் கட்சிக் கொடியைப் பச்சை குத்தியிருக்கிறான். எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இழுக்கின்றன. பென்சனியருக்குக் குரல் தழுதழுத்தது.

"பாரும் தம்பி! சாதி இல்லை, சமயம் இல்லை. எல்லாரும் சிவனடியார். அதுதான் சிதம்பரம். இரவு நந்தனார் சரித்திரம் கதாப்பிரசங்கம், நான் அழுதேபோனன்."

நந்தனுக்காக அழுதிருக்கிறார். பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவன் நந்தன். அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கிற்று, அவன் எல்லையில் நின்றான். உள்ளே போகத் தீயில் இறங்கவேண்டியிருந்தது.

நான் கேட்டேன்: "அண்ணை, உந்தக் கருங்கை ஆற்றை?"

"ஆருக்குத் தெரியும்?"

"உங்கடை பெட்டி தூக்கினவரின்ரை கை மாதிரிக் கிடக்கு."

சிரிப்பு நின்றது. "தம்பி, அது வேறை, இது வேறை. அங்கை ஆர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?"

சைவ சித்தாந்தத்தின் பதினாலு சாத்திரங்களையும் பிழிந்தாலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் கிடைக்காது. தெரியாத கையோடு சமத்துவம், தெரிந்த கையோடு வேலி. கடவுச்சீட்டும் விசாவும் விமானச் சீட்டும் எடுத்து மனிதர் போவது இதற்குத்தான்: ஊரில் செய்ய மனமில்லாததை, யாரையும் தெரியாத ஊரில் நாலு மணி நேரம் செய்து பார்த்துவிட்டுக் குளித்து வர.

சிதம்பரம் மட்டும் சுத்தத் தங்கம் என்று சொல்லவரவில்லை. அங்கே சிற்றம்பல மேடையில் ஆறுமுகசாமி என்ற கிழ ஓதுவார் தேவாரம் பாட 2008-இல் அரசாணையும் பொலிசும் தேவைப்பட்டன. கனகசபையில் பக்தர்கள் ஏறலாம் என்று 2022-இல் இன்னோர் அரசாணை. தீட்சிதர் அடாவடி பற்றிப் பென்சனியர் மணிக்கணக்காகப் பேசுவார். பார்ப்பானின் கதவு பூட்டியிருந்தால் நமக்கு வரும் கோபம் உலகப் பிரசித்தம். நம் இடுப்பில் தொங்கும் திறப்புக்கோர்வை மட்டும் சத்தம் போடாது.

1968-இல், இங்கிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் போகக்கூடிய மாவிட்டபுரத்தில், கோயிலுக்குள் வர முயன்ற சனத்தை வாசலில் மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். படிப்பு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்பவர்களுக்கு அவர் ஒருவர் போதும். இதே அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி, அதே காலத்தில், தேர்வடம் பிடிக்க வந்தவனை ஊர் என்ன செய்தது என்பதை நிலவுக்குப் போன மனிதனோடு சேர்த்துத் 'தேரும் திங்களும்' என்று எழுதிவைத்தார். பென்சனியர் வீட்டு அலுமாரியில் அந்தக் கவிதை உள்ள புத்தகம் கண்ணாடிக்குள் இருக்கிறது. எங்கள் ஊர்க் கவிஞர் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். எங்கள் ஊர்த் தவில் தெட்சணாமூர்த்தி, எங்கள் ஊர் நாதசுரம் பத்மநாதன் என்றும் சொல்லுவார். அவர்களின் வாசிப்பு வேண்டும், கவிஞரின் புத்தகம் வேண்டும், நந்தனின் கதை வேண்டும், பெட்டி தூக்க முதுகு வேண்டும். வடத்தில் கை மட்டும் வேண்டாம்.

2025 கார்த்திகையில் திட்வா புயல் வந்து நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட சனத்தைக் கொண்டுபோனது. தேரடிக்குப் பின்னால் உள்ள குடியிருப்புக்குள்ளும் தண்ணீர் ஏறிற்று. கோயில் மண்டபம் காலியாகத்தான் கிடந்தது. "சுத்தம் கெட்டுப்போகும்" என்று திறப்பு வரவில்லை. குழந்தைகளோடு அவர்கள் பள்ளிக்கூடத்து வாங்கில்களில் படுத்தார்கள். மதகு மறுபடி அடைத்தபோது மட்டும் ஆளனுப்பினார்கள். அதே மனிதர்தான் இறங்கினார்.

பென்சனியர் இம்முறையும் திருவாதிரைக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை திரும்புகிறார். ஒழுங்கையில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. பெட்டி இறக்க ஆளுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.