பெரட்டுக்கு நேரமாச்சு

போர்ட்டிக்சன் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். முதலில் கடலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம், நடுவில் நிற்கவே கூடாது என்று விளக்கமும் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: “யாருடா தொரத்துறா?”

நியாயமான கேள்விதான். இந்த விளையாட்டு பிறந்த கதையைப் புரட்டினாலும் யாரும் யாரையும் துரத்தியதாகத் தெரியவில்லை. 1974 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷானஹன் என்ற இருவர் தாங்களாகவே ஏற்பாடு செய்ய, 46 பேர் தாங்களாகவே வந்து மாட்டிக்கொண்டார்கள். 1978-இல் ஹவாயில் அதையே நாள் முழுக்க நீட்டி ‘அயர்ன்மேன்’ ஆக்கினார்கள். புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முன்னணியில் இருந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகவே, ஓடுகிற மனிதனுக்கு பீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் இரண்டாவதாக வந்தார்.

ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்த மண்டோர் மாமாவிடம் இதைச் சொன்னேன். “நம்ம தோட்டத்துல சம்பள நாளன்னிக்கு கள்ளுக்கடையிலேர்ந்து லயத்துக்கு ஓடுனவன் அத்தனை பேரும் ரெண்டாவதாத்தான் வந்தான். பொண்டாட்டி முன்னால போயி கதவச் சாத்திப்புடுவா” என்றார்.

நான் சேர்ந்தது ‘ஸ்பிரிண்ட்’ என்ற சின்ன அளவு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்த பந்தயத்தில் இவை ஒவ்வொன்றும் இதைப்போல் இரண்டு மடங்கு. சின்ன அளவென்றால் சாமானும் பாதியாக இருக்கும் என்று நம்பித்தான் கடைக்குப் போனேன். கடையில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. மூன்றுக்கும் சேர்த்து உடம்போடு ஒட்டுகிற உடுப்பு, நீச்சல் கண்ணாடி, தலைக்கவசம், பெடலில் பூட்டிக்கொள்ளும் சப்பாத்து, ஓடுவதற்கு வேறு சப்பாத்து, முடிச்சுப் போடத் தேவையில்லாத ரப்பர் நாடா, எண் அட்டையைத் தொங்கவிட ஒரு பெல்ட்டு. ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் இலேசானது ஒன்று இருந்தது. எடை இறங்க இறங்க வெள்ளி ஏறியது. எடையே இல்லாத சைக்கிளுக்கு என்ன விலை வரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சிரம்பான் வீட்டை விற்றால் முன்சக்கரம் கிடைக்கலாம். குளிர்நாட்டுக்காரர்கள் நீந்தும்போது போட்டுக்கொள்ளும் கனத்த ரப்பர் உடுப்பு மட்டும் நமக்கு வேண்டாம். வெதுவெதுப்பாகக் கிடக்கும் மலாக்கா நீரிணையில் அதைப் போட்டால் கரையேறும்போது வெந்திருப்போம். கடைக்காரர் முகத்தில் அதற்கான வருத்தம் தெரிந்தது.

வாங்கியதையெல்லாம் போர்ச்சில் பரப்பினேன். அம்மா சிலியாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். நீச்சல் தொப்பியை எடுத்து இழுத்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், தீர்ப்புச் சொன்னார். “இது நம்ம பாலு.” அடுத்தது டயர், டியூப், நாடா, சப்பாத்தின் அடிப்பாகம். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். “இதெல்லாம் நாங்க எறக்கிக் குடுத்தது. காசு குடுத்துத் திரும்ப வாங்கியாந்திருக்கான்.”

சரித்திரமும் ஏறக்குறைய அம்மா பக்கம்தான். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஜான் பாய்ட் டன்லப், தம் பையனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு ரிட்லி என்ற வெள்ளைக்காரர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்று வந்தார். கண்ட தோட்டத்துரையிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று நச்சரித்து, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். பிறகு டன்லப் கம்பெனியே மலாயாவில் தோட்டம் போட்டது; பகாவ் பக்கத்து கெட்டிஸ் தோட்டம் அவர்களுடையது. ஒரு பிள்ளை குலுங்காமல் வண்டி விடுவதற்காக, நெகிரி செம்பிலானில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் விடிவதற்கு முன் ஆயாக்கொட்டகையில் இறக்கிவிடப்பட்டார்கள். நானும் அந்தக் கணக்கில் வருகிறவன். அதனால் டயருக்குக் கொடுத்த காசு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தியது.

சாமானை வாங்கினால் மட்டும் போதாது. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நாம் வேட்டி மடிக்கிற நேரமும் பந்தயக் கணக்கில் சேரும். ஒரு சைக்கிளைத் தொங்கவிடக் கம்பி, கீழே ஒரு சாக்கு அகலத்துக்குத் தரை. நம்முடைய உலகம் அவ்வளவுதான். அந்த இடத்தை இளக்காரமாக நினைத்தவர்களுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக் நல்ல பாடம். ஜானதன் பிரவுன்லி கோட்டைத் தாண்டுவதற்குச் சற்று முன்னதாகச் சைக்கிளில் ஏறினார் என்று, அவரை 15 விநாடி சும்மா நிற்க வைத்தார்கள். மனிதர் அப்படியும் வெண்கலம் வாங்கினார். அதே ஒலிம்பிக்கில் பெண்கள் பந்தயத்தில் இரண்டு மணி நேரத்துப் போராட்டம், முதலிருவருக்கும் 1:59:48 என்ற ஒரே நேரத்தில் முடிந்தது. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஸ்விட்சர்லாந்தின் நிகோலா ஸ்பிரிக்குக்கு என்றார்கள். இரண்டாவதாக வந்த ஸ்வீடன் பெண், எந்தச் சப்பாத்தைப் போடும்போது அந்த அரைக்கால் விநாடியைத் தொலைத்தோம் என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இந்தக் கதையைக் கேட்டதும் அம்மா கீரையைக் கீழே வைத்தார். நீந்துவதும் மிதிப்பதும் அவருக்கு வேலையற்றவர்கள் சமாசாரம். நடுவில் மாறுவது அப்படியில்லை.

“மரத்த வெட்டுறதுக்கு எம்புட்டு நேரம்னு நெனைக்கிற? கத்தி வச்சு ஒரு இழுப்பு. நேரமெல்லாம் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல போறதுதான். மங்கத் தேடுறது, கத்தியத் தேடுறது, கொசுவத் தட்டுறது, பக்கத்து நிரைக்காரிகிட்ட வாயக் குடுக்குறது.”

ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் சுணங்கிவிடும். அதனால்தான் விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கு, அதனால்தான் நெற்றி விளக்கு. பட்டையைச் சீவுவதோ ஒன்றரை மில்லிமீட்டர் கனம். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கூலியில் வெட்டு. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் காலம் தள்ளிய ஒருவரிடம், சப்பாத்து மாட்டுவதை எப்படிச் சுருக்கலாம் என்று விளக்கும் யூடியூப் காணொளியைக் காட்டினேன். பாதியிலேயே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “வெள்ளக்காரன் கைய எங்க வக்கிறான்னு பாரு. அதான் லேட்டு.”

என் பை அவிழ்க்கப்பட்டது. தடித்த துண்டு, சீப்பு, மாற்று உடுப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த பலதும் வெளியே போயின. சாமான் குறைந்தால் கை தேடாதாம். தலைக்கவசத்தை மல்லாக்க வைத்து, வார்களை இருபுறமும் வெளியே தொங்கவிட்டு, அதற்குள் கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் எண் பெல்ட்டு. முதலில் தொடுவது மேலே, கடைசியில் தொடுவது அடியில். ஓட்டச் சப்பாத்தின் வாயைத் திறந்து வைத்து, ஈரக்கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக குட்டிகுரா பவுடரைத் தட்டினார். வீடே கல்யாண வீடு மாதிரி மணத்தது. கோடாலித் தைலம் மட்டும் விதிவிலக்காகப் பையில் தங்கியது. தைலம் சாமான் கணக்கில் வராது.

விதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மண்டோர் மாமா எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. விதிகளிலேயே முக்கியமானது, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது. மாமா கையில் கடிகாரம், வாயில் விசில். அம்மா ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கொட்டுவார். அதுதான் கடல். நான் ஈரம் சொட்டச் சொட்ட வெறுங்காலோடு ஓடிவந்து, தலைக்கவசம் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போக வேண்டும். கை வாருக்குப் போகுமுன் சைக்கிள் பக்கம் நகர்ந்தால் “தொப்பி!” என்று தெருமுனைவரை கேட்கும். தண்டனை, 15 விநாடி வெயிலில் நிற்பது. எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் பல மாலைகள் இதைப் பார்த்துவிட்டு, கடைசியில் என் மனைவியிடம் மெதுவாக விசாரித்தாராம், தைப்பூசம் இந்த ஆண்டு முன்கூட்டியே வருகிறதா என்று.

இரண்டு விதிகள் வீட்டில் சர்ச்சையைக் கிளப்பின. உடுப்பு மாற்றும்போது அம்மணம் கூடாது என்பது ஒன்று. “கைலி கட்டத் தெரியாத பயலுங்களுக்குப் போட்ட சட்டம்” என்று மாமா ஒரே வரியில் தள்ளுபடி செய்தார். லயத்துப் பொதுக்குழாயடியில் ஊரே பார்க்கக் குளித்து, ஊர் எதையும் பார்க்காதபடி சிலுவார் மாற்றிய ஆண்கள் அவருடைய தலைமுறை. உலக டிரையத்லான் சங்கம் அந்தக் குழாயடியை ஒருமுறை பார்த்திருந்தால் ஒட்டுகிற உடுப்பே தேவைப்பட்டிருக்காது. மற்றது, நம் இடத்தைக் கண்டுபிடிக்க அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது என்பது. அம்மா ஏற்கெனவே சைக்கிளில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டியிருந்தார். துணி அவிழ்க்கப்பட்டது, வேப்பிலை இருக்கைக்கு அடியில் எங்கோ குடிபுகுந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். “இருட்டுல எம் மரத்தத் துணி கட்டியா கண்டுபிடிச்சேன்? எத்தனாவது நிரை, எத்தனாவது மரம்னு எண்ணிக்க” என்றார்.

பந்தயத்தன்று கிழக்கு வெளுக்குமுன் போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்றோம். சின்ன வயதில் தோட்டத்து லோரியில் இடியாப்பச் சட்டியோடு வந்து இறங்கிய கடல். இப்போது லோரிக்குப் பதிலாக, காரின் கூரையில் காரைவிட விலை கூடிய சைக்கிள்கள். கையிலும் காலிலும் எண் எழுதினார்கள், கணுக்காலில் நேரம் பார்க்கும் சில்லு கட்டினார்கள். இத்தனை மணிக்கு மேல் யாரும் மாறுமிடத்துக்குள் வர முடியாது என்று ஒலிபெருக்கி மிரட்டியது. மாமா முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “இது பெரட்டுடா!” என்றார். தாமதமாக வந்த ஓர் இளைஞனை அதிகாரி தடுத்து நிறுத்தியபோது, மாமா கைதட்டிவிடுவாரோ என்று பயந்தேன்.

நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கலங்கிய தண்ணீர், கண்ணுக்கு முன்னால் யாருடைய பாதமோ. மலாக்கா நீரிணை குடித்தது போக மீதியாக என்னைத் திருப்பிக் கொடுத்தது. கரையேறி, மூன்றாவது நிரை என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். என் வலப்பக்கத்து ஆள் கீழே உட்கார்ந்து, ஈரக்காலில் காலுறையை ஏற்றப் போராடிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தவர் சைக்கிளை எடுத்துவிட்டுக் கவசத்தைத் தேட, அதிகாரியின் விசில் பறந்தது. வேலிக்கு வெளியே இன்னொரு குரல் “தொப்பி!” என்று அதிகாரியை முந்தியது. எனக்குக் கை தானாகப் போனது. பெல்ட்டு, வார், சைக்கிள், கிளம்பியாயிற்று.

சைக்கிள் பாதையில் செம்பனை மரங்கள் நிழல் தருவதாக நடித்தன. திரும்பி வந்து ஓடியபோது வெயில் நடிக்கவில்லை.

முடிவுகள் வந்தன. நீச்சல் வரிசையில் என் பெயரைக் கீழிருந்து தேடுவதுதான் சுலபம். ஓட்டத்திலும் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாறுமிட நேரம் என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறதே, அதில் வாலிபப் பிள்ளைகள் பலருக்கு மேலே நான். மாமா அந்தப் பத்தியைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. இதற்கு ஏன் தனிக் கோப்பை இல்லை என்று கேட்க ஏற்பாட்டாளர் கூடாரம்வரை நடந்தார். அங்கே அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

அம்மா அந்நேரம் கடற்கரையில் இல்லை. தேடிப்போனால், வீரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன நீச்சல் தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய. வீட்டில் கழுவி, நிழலில் உலர்த்தி, மிச்சமிருந்த குட்டிகுராவைத் தடவி அடுக்கினார். மாங்காய் ஊறுகாய் ஜாடி, நெத்திலிக் கருவாட்டு டின், புளிப்பானை, மாவுச்சட்டி என்று எல்லாவற்றுக்கும் இப்போது இறுக்கமான மூடி. எறும்பு கிட்டே வருவதில்லை. எங்கள் வரிசை வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, கையிருப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மக்சிக்குக்கு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வேண்டுமாம், அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார்.