கோட்டோரத்துப் பெற்றோர்: ஒரு நடுவரின் ஆய்வேடு

ஆய்வேடு என்றால் முதலில் முன்னோர்மீது ஒரு குறை சொல்ல வேண்டும் என்பது மரபு. சொல்கிறேன். கால்பந்துக்கு 17 விதிகள் இருக்கின்றன. பந்துக்கு ஒரு விதி, உடுப்புக்கு ஒரு விதி, மூலைக்கொடி நடுவதற்குக்கூட அளவு உண்டு. கோடு 12 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்று எழுதிய மகான்கள், அந்தக் கோட்டுக்கு அரையடி வெளியே காலை ஊன்றிக்கொண்டு "ஓய் ரெப்ரி, உனக்க வீட்டுல பிள்ளைய இல்லியா?" என்று கேட்கிற மனிதரைப் பற்றி ஒரு விதிகூட எழுதிவைக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பவே இந்த ஆய்வு.

களம், நாஞ்சில் நாடு என்று நான் சொல்லிக்கொள்ளும் கன்னியாகுமரி மாவட்டம். காலம், சனி ஞாயிறுகளும் பங்குத் திருவிழா நாட்களும். ஆய்வுப் பொருள், 13 வயதுக்கு உட்பட்ட ஆட்டக்காரர்களின் தகப்பன், தாய், தாய்மாமன், பாட்டி. கருவிகள், விசில் ஒன்று, வாட்ச் ஒன்று, மஞ்சளும் சிவப்புமாக இரண்டு அட்டை. அட்டைகள் ஆய்வுப் பொருளின் மீது வேலை செய்யாது என்பது பின்னால் வரும்.

நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தானே, நீர் எதற்கு பழைய விளவங்கோட்டுக் கடற்கரை வரைக்கும் போனீர் என்று எல்லைப் பிரச்சினை கிளப்புகிற அறிஞர்கள் உண்டு. பந்து அங்கே இருக்கிறது, அதனால் போனேன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று நீரோடி வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஊர்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே உதைக்கவும் தெரியும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணியின் சட்டையைப் போட்டார். நாட்டுக்கு அது பெருமை. எனக்கு அது தொழில் இடைஞ்சல். அன்றிலிருந்து நான் ஊதும் ஒவ்வொரு ஃபவுலும் ஏதோவொரு வருங்கால இந்திய வீரரின் வாழ்வில் மண் அள்ளிப் போட்டதாகவே கோட்டோரத்தில் பதிவாகிறது.

இனி வரலாறு. மாவட்டத்தின் முதல் நடுவர் யார்? அதங்கோட்டாசான் என்பது என் துணிபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர். அவர் ஊர் நம்முடைய அதங்கோடுதான் என்பதை எங்கள் பக்கத்தில் யாரிடமும் வாதாட முடியாது, வாதாடினால் சாயை கிடைக்காது. இதில் நடுவர் சங்கங்கள் கவனிக்கத் தவறிய ஒரு செய்தியை நச்சினார்க்கினியர் சொல்லி வைத்திருக்கிறார். சீடன் தொல்காப்பியர்மேல் கோபம் கொண்ட அகத்தியர், அரங்கேற்றத்துக்கு முன்பே அதங்கோட்டாசானைக் கூப்பிட்டு, அவன் நூலைக் கேட்காதே என்று சொல்லிவிட்டாராம். ஆசான் இரண்டு பக்கமும் பகைக்க முடியாமல், போய் உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடித்தார். தொல்காப்பியர் எல்லாவற்றுக்கும் விடை சொல்லி ஜெயித்தார். அதாவது, ஆட்டத்துக்கு முந்தின நாள் ரெப்ரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற கோச், பார்த்து ஊதுகிற ரெப்ரி, அதையும் மீறி கோல் போடுகிற பையன், எல்லாம் அப்போதே இருந்திருக்கிறது. கோச்சின் பெயரில் நமக்கு அகஸ்தீஸ்வரம் என்று ஒரு தாலுகாவே இருக்கிறது.

ஆனால் பெற்றோர்? அதே நச்சினார்க்கினியர் கணக்கில் தொல்காப்பியரின் தகப்பன் ஜமதக்கினி. கோபத்துக்குப் பேர்போன ஆள், பெற்ற மகனை விட்டுப் பெண்டாட்டியின் தலையையே வெட்டச் சொன்னவர். அப்பேர்ப்பட்டவர் பாண்டியன் அவைக்கு வந்து ஓரமாக நின்று "ஓய் ஆசானே, எனக்க மவன் சொன்ன நூற்பாவுல என்ன குத்தம் கண்டீரு?" என்று கத்தியதாக ஒரு குறிப்பும் இல்லை. வந்திருந்தால் நமக்கு எழுத்ததிகாரத்தோடு நின்றிருக்கும். ஆகவே கோச்சின் தொல்லை பண்டையது, பெற்றோரின் தொல்லை பிற்சேர்க்கை என்று முடிவு கட்டுகிறேன்.

அடுத்தது சொற்பொருள். விதிநூலில் பெற்றோருக்குத் தனி விதி இல்லை என்றேன். இனம் இருக்கிறது. அணிப் பட்டியலிலும் நடுவர் குழுவிலும் இல்லாத ஆள் எவரும், விலங்கு எதுவும், கிடக்கிற பொருள் எதுவும் ஒரே கூட்டம். நான் அதை 'வெளிப்பொருள்' என்று தமிழாக்குகிறேன். தகப்பனும் மைதானத்துக்குள் ஓடிவருகிற நாயும் காற்றில் பறந்து வருகிற கேரி பேக்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இதைப் படித்த அன்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் இன்னொரு தடவை படித்தேன். நடுவருக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. தகப்பன், நாய், கேரி பேக். மூன்றும் ஓரினம், நான் தனி.

ஓரினம் என்றாலும் குணம் வேறு. நாய் ஆட்டத்துக்குள் வந்தால் விசில் ஊதி நிறுத்தலாம். இரண்டு பிஸ்கட்டில் வெளியே போய்விடும். லைன்ஸ்மேனிடம் திரும்பி "நீ யாருக்க ஆளு?" என்று கேட்காது. தன் குட்டிக்கு ஏன் பதினோராம் நம்பர் சட்டை கொடுத்தீர்கள் என்றும் கேட்காது.

வெளிப்பொருள்களில் வலியது தாய்மாமன். தகப்பனுக்காவது பையன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே பி.டி. சார் முகத்தில் விழிக்க வேண்டும் என்கிற கவலை இருக்கும். மாமனுக்கு அதெல்லாம் இல்லை. உரிமை உண்டு, பொறுப்பு இல்லை. நான் கண்ட மாமன்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையில் வந்து நின்றார். எதிரணிப் பையன் பந்தோடு தனியாக கோலை நோக்கி ஓடுகிறான், பின்னால் ஒரு விசில். இருபத்திரண்டு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். நான் ஊதவில்லை. திரும்பினால் மாமன் வாயில் விசில். பார்வையாளர் விசில் ஊதி ஆட்டத்தைக் கெடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் போட வேண்டும் என்று விதி 5 தெளிவாகவே சொல்கிறது. இங்கிலீஷ்காரனுக்கும் ஒரு கண்டக்டர் மாமன் இருந்திருப்பான் போலிருக்கிறது. அருகே போனேன். "பழக்க தோஷம் சாரே" என்றார். சொன்னதோடு, ஆட்டம் தொடரட்டும் என்கிற நல்லெண்ணத்தில், டபுள் விசில் கொடுத்தார். பாதிப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

கோட்டோரத்து அறிவியலில் ஆப்சைடு தனி அத்தியாயம். விதிநூலின் ஆப்சைடும் கரையிலுள்ள ஆப்சைடும் வேறு வேறு. நூலின்படி த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வாங்கும் பந்துக்கு ஆப்சைடு கிடையாது. கரையின்படி, எதிரணிப் பையன் நம் கோல் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பதே ஆப்சைடு, அவன் முகம் சரியில்லை என்றால் கட்டாயம் ஆப்சைடு. த்ரோ-இன்னில் ஆப்சைடு இல்லை என்று ஒரு தகப்பனுக்கு நான் விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டார். "சட்டம் செரிதான் சாரே. ஆனா அவன் நின்னது ஆப்சைடுதானே?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. தத்துவ நோக்கில் அவர் சொன்னது சரிதான்.

மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியர் வகுத்தார் அல்லவா. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டையும் ஒரே தாயின் முகத்தில் ஒரே பெனால்டியில் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். விசில் சத்தம் கேட்டதும் மருட்கை, மகன்தான் அடிக்கப் போகிறான் என்றதும் பெருமிதம், பந்தை வைக்கும்போது அச்சம், கையில் ஜெபமாலை. பந்து கீப்பரின் கையில் பட்டுத் திரும்பியபோது அழுகை. கோல் கீப்பர் முன்னாடியே கோட்டைவிட்டு நகர்ந்தான், திரும்ப அடி என்று நான் சொன்னதும் உவகை. மீதி மூன்றும் அவன் திரும்ப அடித்த பிறகு. அதில் கடைசியாக வந்தது வெகுளி. அது எனக்கு.

அட்டைக்கு வருவோம். மஞ்சள், சிவப்பு அட்டை என்கிற யோசனை கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவருடையது. 1962-ல் சிலியும் இத்தாலியும் ஆடிய ஆட்டத்தை, ஆட்டம் என்பதைவிட அடிதடி, நடத்திப் பட்டுவந்தவர். பிறகு 1966 உலகக் கோப்பைச் சமயத்தில், லண்டனில் காரோட்டிக்கொண்டு போகும்போது டிராபிக் சிக்னலைப் பார்த்து இது தோன்றியது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டை களத்துக்கு வந்தது. 2019-லிருந்து கோச்சுக்கும் காட்டலாம். தகப்பனுக்குக் காட்ட இன்றுவரை வழியில்லை. இது தெரிந்தும் ஒருமுறை பொறுக்க முடியாமல் கரையைப் பார்த்து அட்டையை உயர்த்திவிட்டேன். ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "ரேஷனுக்கு புதுசா மஞ்ச கார்டும் குடுக்கானுவளா?" கரை முழுக்க சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்கு மீதி ஆட்டம் ஒழுங்காக நடந்தது. ஆகவே அட்டை வேலை செய்யாது என்ற என் முடிபில் சிறு திருத்தம் தேவைப்படலாம்.

வெளிநாட்டு ஆய்வுகளையும் புறக்கணிக்கவில்லை. அமெரிக்காவில் பெற்றோர் வாயே திறக்கக் கூடாத 'மௌன ஆட்டங்கள்' நடத்திப் பார்த்திருக்கிறார்கள். வாய் சும்மா இருக்கட்டும் என்று லாலிபாப் கொடுத்ததும் உண்டு. இங்கே லாலிபாப் போதாது, குச்சியைப் பிடித்து வெளியே எடுத்துப் பேசிவிடுவார்கள். கல்கோனா கொடுக்கலாம். வாய்க்குள் போட்டால் ஒரு பாதி ஆட்டத்துக்குத் தாங்கும். பல்லுக்கு நான் பொறுப்பல்ல.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-ல் மரியாதை இயக்கம் என்று ஒன்று தொடங்கி, கோட்டோரமாகத் தடுப்புக் கட்டிப் பெற்றோரை அதற்குப் பின்னால் நிறுத்தியது. 2023-ல் சில நடுவர்களின் நெஞ்சில் கேமராவும் மாட்டினார்கள். கேமராவுக்கு நம்மிடம் காசில்லை, கயிறு உண்டு. கடற்கரை ஊர் ஒன்றில் வடக்கயிறு கேட்டேன், வள்ளத்திலிருந்து எடுத்துத் தந்தார்கள். குச்சி நட்டு இழுத்துக் கட்டினேன். கரமடி வலை இழுத்துப் பழகிய கைகள், கயிற்றைப் பிடித்தால் சும்மா இருக்குமா? பந்து அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் கரை மொத்தமும் கயிற்றில் கையை வைத்து முன்னால் சாய்ந்தது. இடைவேளையில் பார்த்தால் குச்சிகள் பிடுங்கிக்கொண்டு, கயிறு மைதானத்துக்குள் நாலடி வந்திருந்தது. சுண்ணாம்புக் கோடு கயிற்றுக்குப் பின்னால், ஆட்களின் காலடியில் கிடந்தது. ரைட் விங்கில் ஆடிய பையன் தன் சித்தியின் மடியில் தட்டித்தான் த்ரோ-இன் வாங்க வேண்டியிருந்தது.

ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கடற்கரை ஊர்களில் கோட்டோரம் பெண்களின் ஆட்சி. தூத்தூர்ப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடல் மீன்பிடிக்காரர்கள். விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் கடலில், கரையேறுவது பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில். மகன் ஆடுகிற ஆட்டங்களில் தகப்பன் நேரில் பார்ப்பது சிலவே. இந்த இல்லாத தகப்பனை எந்த வகையில் சேர்ப்பது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். போன வருஷம் ஓர் அரையிறுதியில் அவரே வந்தார். போனில்.

தாய் வீடியோ கால் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கோட்டோரமாக மகனோடு கூடவே ஓடினாள். தகப்பன் கொச்சியில், ஐஸ் ஏற்றுகிற படகின் மேல்தட்டில். பின்னால் இயந்திரச் சத்தம். ஸ்பீக்கர் போட்டிருந்தது. படம் போய்ச் சேரவும் குரல் திரும்பி வரவும் நாலு நொடி ஆகும். "அடில மக்கா!" என்று குரல் வரும்போது மகன் பந்தைப் பாஸ் கொடுத்து முடித்திருப்பான். ஆனாலும் அப்பா சொன்னாரே என்று சும்மா காற்றில் ஒரு உதை விடுவான். இப்படி இரண்டு தடவை பக்கத்துப் பையனின் முட்டில் பட்டு, நான் ஃபவுல் ஊதினேன்.

கடைசி ஐந்து நிமிஷம், பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அந்தப் பையன்தான் அடித்தான். பந்து கீப்பரின் கையில் பட்டுத் தெறித்துக் கோட்டை நோக்கி உருண்டது. கீப்பர் பாய்ந்து இழுத்துவிட்டான். பந்து முழுசும் கோட்டைத் தாண்டவில்லை, நான் ஊதவில்லை. கரை எழுந்தது. நாலு நொடி கழித்துப் போனும் எழுந்தது. "சாரே, கோளு! நான் பாத்தேன் சாரே!"

தாய் போனை நீட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். 2018 உலகக் கோப்பையில் நடுவர்கள் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார்களே, அது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். மாவட்டத்தின் முதல் வி.ஏ.ஆர். என்று நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தேன். மூலையில் சின்னக் கட்டத்துக்குள், இவள் அனுப்பிய படம் சிக்கல் விழுந்து அப்படியே நின்றிருந்தது. அதில் ஒன்பதாம் நம்பர் சட்டை. சட்டைக்கு மேல் மண் ஒட்டிய முகம், தூக்கிய இரண்டு கை. கோல் கம்பம் இல்லை, கீப்பர் இல்லை, கோடு இல்லை. ஆட்டம் முழுக்க அவள் மகனை மட்டும்தான் பிடித்திருக்கிறாள்.

"பந்து எங்கே அண்ணே?" என்றேன்.

"பந்தை எதுக்கு சாரே பாக்கணும்? பிள்ள கைய தூக்குறான் பாரும். கோளு இல்லாம தூக்குவானா?"

ஆட்டத்தை நிறுத்தியது நான். பெனால்டி பெட்டிக்குள் நிறுத்தினால் டிராப் பால் கீப்பருக்குத்தான். தாயைக் கோட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, பந்தைக் கீப்பர் முன்னால் விட்டேன். அவன் எடுத்து நடுக்களம் தாண்டி உதைத்தான். பந்து இன்னும் மேலே இருக்கும்போதே கொச்சியிலிருந்து சத்தம் வந்தது:

"ஆப்சைடு!"